எட்டேகால் பவுண்டு

போன வருஷம் மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு நாள் லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். பேரன் ராக்கெட் பார்க்க ஓடினான், மருமகள் அவன் பின்னால் ஓடினாள். நான் நசுங்கிக் கிழிந்த ஒரு அலுமினியத் தகட்டின் முன்னால் நின்றுவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து என் மனைவி தேடிக்கொண்டு வந்து, "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? நம்ம துவாக்குடியில இல்லாத தகரமா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

நான் முப்பத்தோரு வருஷம் திருச்சிப் பக்கத்துத் துவாக்குடியில் வேலை பார்த்தவன். பாய்லர் சாமான்கள், பிரஷர் வெசல்கள் (அழுத்தம் தாங்கும் கலன்கள்) செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். வெல்டு பார்ப்பது, சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து வெள்ளை டெவலப்பர் தூவி கிராக் தேடுவது, தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டுக்கு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி நிற்பது. அந்தத் தகட்டைப் பார்த்தவுடன் கண் தானாகத் தடிமனைத்தான் அளந்தது. 22 கேஜ், அதாவது 0.7 மில்லிமீட்டர். பாய்லர் பைப்புக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு சுற்றி அதற்கு மேல் சட்டை போடுவோமே, அந்த கிளாடிங் ஷீட் தடிமன். அதைப் போர்த்திக்கொண்டுதான் முப்பது நாற்பது பேர் முப்பதாயிரம் அடிக்கு மேலே பறந்திருக்கிறார்கள்.

தகட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறப்புகள். காமெட் என்ற விமானத்தின் உச்சியில், ரேடியோ மூலம் திசை காட்டும் கருவியின் ஆன்டெனாவுக்காக வெட்டியவை. கிழிசல் அங்கிருந்து ஓடியிருக்கிறது. இத்தாலியின் எல்பா தீவுக்குப் பக்கத்தில் கடலடியிலிருந்து 1954 ஆகஸ்டில் ஒரு மீன்பிடிப் படகின் வலையில் ஏறிய துண்டு இது.

காமெட் விமானத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். டி ஹாவிலண்ட் கம்பெனி தயாரிப்பு. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு முதல் சர்வீஸ். அந்த ஆகஸ்டில் கொழும்புக்கும் வந்தது, அப்புறம் சிங்கப்பூருக்கு. புரொப்பெல்லர் விமானத்தில் உடம்பு முழுக்க அதிர அதிர வந்தவர்களுக்கு இது சொர்க்கமாக இருந்திருக்கும். வேகம் பாதியளவு கூடுதல், மேகத்துக்கு மேலே பயணம்.

மேலே போனால் காற்று இல்லை, அதனால் உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு போக வேண்டும். காமெட்டின் உள்ளே இருந்த அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சதுர அங்குலத்துக்கு எட்டேகால் பவுண்டு அதிகம். வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதே பதினைந்து பவுண்டு வாக்கில்தான். நாங்கள் டெஸ்ட் பண்ணிய பாய்லர் சாமான்களோடு ஒப்பிட்டால் இது ஒரு அழுத்தமே இல்லை. ஆனால் குக்கரின் கனம் என்ன, இந்தத் தகட்டின் கனம் என்ன? அதோடு ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உப்பும், இறங்கும்போதும் தளரும். உப்பித் தளர்ந்து, உப்பித் தளர்ந்து. ஒரு கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்தக் கதைதான். அதற்கு 'ஃபடீக்' என்று பெயர். உலோகக் களைப்பு.

முதல் சர்வீஸ் தொடங்கிச் சரியாக ஒரு வருஷம், 1953 மே 2. சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் காமெட் ஒன்று கல்கத்தா டம்டமில் இறங்கி, டெல்லிக்குக் கிளம்பியது. கிளம்பி ஆறே நிமிஷம். வங்காளத்தில் சித்திரை வைகாசியில் சாயங்காலம் கிளம்பும் பேய்க்காற்று பிரசித்தம். 'கால் வைசாகி' என்பார்கள். அன்றைக்கும் இடியும் புயலுமாக இருந்திருக்கிறது. விமானம் நடுவானில் உடைந்து, ஜுகல்கோரி என்ற கிராமத்துப் பக்கம் வயல்வெளிகளில் பல மைல் தூரத்துக்குச் சிதறியது. இருந்த 43 பேரும் போய்விட்டார்கள். இந்திய அரசு நியமித்த விசாரணை, புயலின் கடுமையான காற்றுவீச்சில் சிக்கியோ, அதைச் சமாளிக்கப் பைலட் அளவுக்கு மேல் விசையைக் கையாண்டோ விமானத்தின் கட்டமைப்பு முறிந்தது என்று முடிவு சொன்னது. விமானம் உடைந்திருக்கிறது, வானத்தில் புயல் இருந்திருக்கிறது. வேறென்ன தேட வேண்டும்?

நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் புயலைத்தான் எழுதியிருப்பேன்.

அடுத்தது 1954 ஜனவரி 10. இந்த விமானத்தின் பதிவெழுத்துகளில் கடைசி இரண்டும் ஒய், பி. ரேடியோவில் அதை 'யோக் பீட்டர்' என்று சொல்வார்கள், புத்தகங்களிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ரோமிலிருந்து லண்டனுக்கு, 35 பேர். அன்றைக்குப் புயல் இல்லை. முன்னாலேயே கிளம்பிய இன்னொரு விமானத்தோடு கேப்டன் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். நான் அனுப்பிய தகவல் கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்தவர், வாக்கியத்தின் பாதியில் நின்றுபோனார். கிளம்பி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. கீழே எல்பா தீவு மீனவர்கள் மேகத்துக்கு மேலே வெடிச்சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள், கடலில் விழுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

இன்றைக்கு இப்படி நடந்தால் முதல் கேள்வி 'பிளாக் பாக்ஸ் கிடைச்சுதா?' என்பதுதான். அன்றைக்கு அந்தப் பெட்டியே கிடையாது. காமெட் விவகாரத்தைப் பற்றி மெல்போர்னில் கூடிப் பேசிய குழு ஒன்றில் உட்கார்ந்திருந்த டேவிட் வாரன் என்ற வேதியியல்காரருக்கு, 'பைலட் அறையில் பேசுவதைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்திருந்தால்?' என்று தோன்றியதுதான் அதற்கு விதை. ஒரு கண்காட்சியில் பார்த்த சின்ன ரெக்கார்டர் அவர் ஞாபகத்துக்கு வந்ததாம். அவருடைய அப்பாவே 1934-ல் ஒரு விமான விபத்தில் இறந்தவர்.

பெட்டி இல்லாத காலத்தில் யாரைக் கேட்பது? செத்தவர்களைக் கேட்டார்கள், உலோகத்தைக் கேட்டார்கள். மீட்ட உடல்களைப் பைசா பல்கலைக்கழகத்தில் பரிசோதித்த இத்தாலிய டாக்டர் அந்தோனியோ ஃபோர்னாரி, நுரையீரல்கள் கிழிந்திருப்பதையும் மண்டையோடுகள் உடைந்திருப்பதையும் கண்டார். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே மாதிரி. உள்ளே இருந்த காற்று ஒரு நொடியில் வெளியேறியிருக்கிறது, ஆட்கள் கூரையில் போய் மோதியிருக்கிறார்கள். பிற்பாடு விமான அறையின் சின்ன மாடல் ஒன்று செய்து, அதில் குட்டி நாற்காலிகளும் பொம்மைப் பயணிகளும் வைத்து, காற்றடைத்து வெடிக்கவிட்டுப் படமும் பிடித்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னது சரி.

நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான கடலில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் துண்டு துண்டாகத் தேடின. கடலடியைப் பார்க்க டெலிவிஷன் கேமராவை இறக்கினார்கள், 1954-ல்! நம் ஊரில் அப்போது ரேடியோ இருந்த வீட்டையே எண்ணிவிடலாம்.

இதற்கு நடுவில் ஒரு தப்பு நடந்தது. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே வயிற்றைப் பிசையும் இடம். எல்பாவுக்குப் பிறகு காமெட்டுகளைத் தரையில் நிறுத்தினார்கள். காரணம் தெரியவில்லை. ஆனாலும் தீப்பிடித்திருக்கலாம், டர்பைன் பிளேடு பிய்த்துக்கொண்டு அடித்திருக்கலாம், எனத் தோன்றியதற்கெல்லாம் மாற்றங்கள் செய்தார்கள், ஐம்பதுக்கும் மேல். எல்லாம் நல்ல மாற்றங்கள்தான். மார்ச் 23-ல் மறுபடி பறக்கவிட்டார்கள். பதினாறாம் நாள், ஏப்ரல் 8 அன்று, ரோமிலிருந்து கெய்ரோ போன 'யோக் யோக்' 21 பேரோடு நேப்பிள்ஸ் பக்கத்துக் கடலில் விழுந்தது. அது விழுந்த இடம் மகா ஆழம், எடுக்க வழியில்லை. அப்புறம்தான் பறப்பதற்கான சான்றிதழையே ரத்து செய்தார்கள். பணத்தையும் ஆளையும் கணக்குப் பார்க்காமல் காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று பிரதமர் சர்ச்சில் சொன்னார். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வகத்தின் கைக்கு வேலை போனது. அதன் தலைவர் ஆர்னால்ட் ஹாலுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஒரு ஹேங்கரில் மரச்சட்டத்தால் விமான உருவம் கட்டினார்கள். கடலிலிருந்து வருகிற ஒவ்வொரு துண்டையும் அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் பொருத்தினார்கள். வால் பகுதித் தகட்டில் பயணிகள் அறைக் கம்பளத் துண்டு சிக்கியிருந்தது. இடது இறக்கையின் மேல், உடம்புத் தகட்டின் பெயின்ட் உரசிய கோடுகள் இருந்தன. அப்படியென்றால் வாலும் இறக்கையும் பிய்வதற்கு முன்பே பயணிகள் அறை திறந்துகொண்டிருக்கிறது. டேப் ரெக்கார்டர் சொல்ல வேண்டியதை ஒரு கம்பளத் துணுக்கு சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கம் அவர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பழகிய வேலை. ஹைட்ரோ டெஸ்ட். யோக் அங்கிள் என்ற முழு காமெட்டையே கொண்டுவந்து அதைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். உடம்பு தொட்டிக்குள், இறக்கைகள் மட்டும் இரண்டு பக்கமும் வெளியே. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். பம்ப் வைத்து உள்ளே எட்டேகால் பவுண்டு ஏற்றுவது, இறக்குவது. கூடவே ஜாக்கி வைத்து இறக்கைகளை மேலும் கீழும் அசைப்பது. ஒரு சுற்று என்றால் ஒரு பயணம். ராப்பகலாக ஓட்டினார்கள்.

ஏன் தண்ணீர்? காற்றிலேயே அடித்துப் பார்க்கக் கூடாதா? இந்தக் கேள்விக்கு நான் துவாக்குடியில் பதில் கற்றுக்கொண்டேன். காற்றை அமுக்கினால் அது ஸ்பிரிங் மாதிரி. எங்காவது சின்னதாக விட்டுக்கொடுத்தால் அவ்வளவு சக்தியும் அங்கே பாயும், பாத்திரமே வெடிகுண்டு. தண்ணீரை அமுக்கவே முடியாது. கிராக் விட்டால் பீச்சென்று கொஞ்சம் அடித்து அழுத்தம் உடனே இறங்கிவிடும், கிராக் இருந்த இடத்திலேயே இருக்கும், விரல் வைத்துக் காட்டலாம். காமெட்டைக் காற்றில் சோதித்திருந்தால் இன்னொரு எல்பாதான் மிஞ்சியிருக்கும், இந்தத் தடவை தரையில். சரி, வெளியேயும் ஏன் தண்ணீர்? உள்ளே மட்டும் நிரப்பினால் தண்ணீரின் எடையே மெல்லிய தகட்டைப் பிதுக்கிவிடும், அதனால்.

ஜூன் 24 அன்று கேஜ் முள் விழுந்தது. தண்ணீரை வடித்துப் பார்த்தால் முன்பக்கத்து அவசர வழி ஜன்னல் மூலையிலிருந்து உடம்பு கிழிந்திருக்கிறது. அந்த விமானம் அதற்குமுன் நிஜமாகப் பறந்தது 1,221 தடவை, தொட்டிக்குள் 1,836. மொத்தம் 3,057. கடலில் விழுந்த யோக் பீட்டர் 1,290 பயணம், யோக் யோக் 900 பயணம்தான் தாங்கின. மூலையில் அளந்தபோது, தகடு மொத்தமாகத் தாங்கக்கூடியதில் எழுபது சதவீதம் வரைக்கும் அங்கே சுமை ஏறிக்கொண்டிருந்தது தெரிந்தது. கணக்குப் போட்டவர்கள் இவ்வளவு எதிர்பார்க்கவே இல்லை.

ஆகஸ்டில் அந்த மீன்பிடிப் படகு கொண்டுவந்த கூரைத் தகடு அதன்பிறகு வந்ததுதான். தொட்டி முதலில் ஆள் அடையாளம் சொன்னது, கடல் அப்புறம் ஆளையே கொண்டுவந்து நிறுத்தியது. யோக் பீட்டரில் கிழிசல் தொடங்கியது பின்பக்கத் திறப்பின் மூலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு போல்ட் துளையில். 'சதுர ஜன்னல் வைத்ததால் விழுந்தது' என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்த ஜன்னல்களின் மூலைகளும் வளைத்தவைதான், கத்திமுனைச் சதுரமில்லை. யோக் பீட்டரில் கிழிந்தது பயணி எட்டிப்பார்க்கும் ஜன்னலும் இல்லை. மெல்லிய தகடு, சுமை குவியும் மூலை, அந்த இடத்திலேயே ஒரு துளை, எல்லாம் சேர்ந்த வினை.

இதில் என்னைப் போன்ற ஆட்கள் தூக்கம் கெட்டு யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. டி ஹாவிலண்ட் டெஸ்ட் பண்ணாமல் விட்டவர்கள் இல்லை. அறையின் ஒரு பகுதியைச் செய்து, பறக்கும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு வரை ஏற்றிக் காட்டினார்கள். தாங்கியது. பிறகு அதே பீஸை எட்டேகால் பவுண்டில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, பதினாறாயிரம் தடவைக்கு மேல் ஓட்டினார்கள். தாங்கியது. அப்படியிருக்க ஆயிரம் சொச்சத்தில் ஏன் போனது? காரணம் அந்த 'அதே பீஸ்'. முதலில் இரண்டு மடங்கு அழுத்தியபோது மூலையில் இருந்த உலோகம் கொஞ்சம் இளகி நீண்டுவிட்டது. அழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள தகடு அதை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் எட்டேகால் பவுண்டு அந்த மூலையை இழுக்கவே இல்லை என்று சொல்லலாம். கடுமையான டெஸ்டே அதற்கு மருந்தாகிவிட்டது. சர்வீஸில் பறந்த விமானங்களுக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை. நான் எத்தனை வெசலை ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் அசையவில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்! அந்தக் கையெழுத்து அன்றைக்கு அந்த நேரத்துக்கு மட்டும்தான் செல்லும் என்பது இதைப் படித்தபிறகுதான் உறைத்தது.

அக்டோபரில் வெஸ்ட்மின்ஸ்டரில் கோஹன் பிரபு தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. தனி ஆள் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. டி ஹாவிலண்டும் தன் கணக்குகளை மறைக்காமல் மேசைமேல் வைத்தது. எதிரி நாட்டுக் கம்பெனிகள்கூட அதைப் படித்துத் தங்கள் விமானங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டன. எதிரி நாடு என்று சும்மா சொன்னேன், அமெரிக்காவைத்தான்.

கல்கத்தா மட்டும் புயலாகவே நின்றுவிட்டது. உடைந்த பாகங்களில் சில ஃபார்ன்பரோவுக்குப் போயின. இன்றைக்கு இருக்கிற அறிவை வைத்துக்கொண்டு அங்கேயும் களைப்புதான் என்று அடித்துச் சொல்ல நான் யார்? புயல் நிஜமாகவே அடித்தது. ஆனால் வானம் தெளிவாக இருந்திருந்தால் ஜுகல்கோரி வயலில் இன்னும் கொஞ்சம் நாள் குனிந்து பார்த்திருப்பார்கள் என்று தோன்றுவதை என்னால் தடுக்க முடியவில்லை.

தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளில் ஒரு மே மாதம். கம்பெனி போர்வெல்லில் தண்ணீர் இல்லை. ரிப்பேருக்கு வந்த பழைய வெசல் ஒன்று அன்றைக்கே டெலிவரி போக வேண்டும். ஃபோர்மேன் "தண்ணிக்கு எங்க போறது, காத்தையே ஏத்துவோம்" என்றார். நான் அன்று ஸ்டோரில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு ஓட்டை, அது வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி தரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெசலின் மூடி கூரையைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் கருவேலங்காட்டில் கிடந்தது. கேஜ் பக்கத்தில் நின்ற ஹெல்பர் பையனுக்கு ஒரு காது போனது. உயிர் போகாதது தெய்வச்செயல்.

விசாரணை ஒரு டீ குடிக்கும் நேரம் நடந்தது. காற்று ஏற்றச் சொன்னது யார்? ஃபோர்மேன். அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். தப்பு அவருடையதுதான், சந்தேகமே இல்லை. ஃபைல் மூடியாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, ஸ்கிராப் குவியலில் அந்த மூடியைப் பார்த்தேன். சும்மா ஒரு பழக்கத்தில் பிய்ந்த விளிம்பைத் திருப்பினேன். பாதி விளிம்பு புதுசாக, உடைத்த சர்க்கரைக் கட்டி மாதிரி பளபளவென்று இருந்தது. மீதிப் பாதி கறுத்து, துரு ஏறி, ரொம்ப நாள் பழசு. வெல்டு ஓரமாக அந்த கிராக் எப்போதிருந்தோ நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறது. ரிப்பேருக்கு வந்தபோது அதே வெல்டைப் பார்த்து சரி என்று எழுதியவன் நான். சாயம் அடித்தேனா, வெறும் கண்ணால் பார்த்துவிட்டு எழுதினேனா என்பது அப்போதே ஞாபகம் இல்லை.

"என்னண்ணே பார்க்கிறீங்க?" என்று காதில் பஞ்சு வைத்திருந்த அந்தப் பையன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த நாள் காயலான் கடை வண்டி வந்தது. எடை போடும்போது பக்கத்தில் நின்று சீட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.